600 ரூபாய்க் காசோலை

2020 பிப்ரவரியில் ஒரு காலை, 600 ரூபாய்க்கு ஒரு காசோலை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர் சாலையில் இருந்த ஓர் இறால் ஏற்றுமதித் தொழிற்சாலைக்குப் போனேன். அதன் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். முந்தைய வாரம் எங்கள் மென்பொருள் தவறியதால் அவருக்கு ஆறு லட்சத்துக்கு மேல் நட்டம். எங்களுக்கு அவர் தந்த மாதக் கட்டணம் 6,000 ரூபாய். சேவை தவறினால் மாதக் கட்டணத்தில் பத்து விழுக்காடு கழித்துத் தருவோம் என்பது ஒப்பந்தம். எனவே 600.

அவர் காசோலையை வாங்கிப் பார்த்தார். திருப்பி மேசையில் என் பக்கமாகவே வைத்தார்.

"இதை வாங்கினா கணக்கு தீர்ந்துபோச்சுன்னு ஆகும்லா தம்பி?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அதற்கு முன்னால் நான் சொல்லியிருந்த ஒரு வாக்கியம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. உள்ளே போய் உட்கார்ந்ததும், "தப்பு நம்ம பக்கம் இல்ல அண்ணாச்சி, லாரி எங்க நிக்குதுன்னு சொல்ற ஜி.பி.எஸ். கம்பெனி பக்கம்" என்று தொடங்கியிருந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் அவங்ககிட்டயா கையெழுத்து வாங்கினேன்?" என்று மட்டும் கேட்டார்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு 2018-இல் ஊர் திரும்பியவன் நான். கிரேட் காட்டன் சாலையில் ஒரு மாடி அறையில் நான்கு பேராகத் தொடங்கினோம். இந்த ஊரில் ஒரு கன்டெய்னரைக் கப்பலேற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டும் என்று. சுங்கத்தில் ஷிப்பிங் பில் எந்த நிலையில் இருக்கிறது, லாரி எங்கே வருகிறது, ரீஃபர் எனப்படும் குளிரூட்டிய பெட்டிக்குள் குளிர் மைனஸ் 18-இல் நிற்கிறதா, கப்பல் எப்போது வருகிறது, துறைமுக வாசல் எத்தனை மணிக்கு அடைக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, ஒரு கடவுச்சொல். கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் இதற்கென்றே ஒரு பையன் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். அத்தனையையும் ஒரே திரையில் கொண்டுவருவோம், ஏதாவது மாறினால் உடனே கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவோம் என்பதுதான் எங்கள் தொழில்.

எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அதில் அதிகம் இல்லை. லாரியின் இடத்தை ஒரு நிறுவனத்தின் இணையச் சேவையிடம் கேட்டு வாங்கினோம். குளிர்நிலையை இன்னொன்றிடம். கப்பல் அட்டவணையை மூன்றாவதிடம், ஆவண நிலையை நான்காவதிடம். குறுஞ்செய்தியை ஐந்தாவது அனுப்பியது. எல்லாம் ஓடிய சர்வர் வாடகைக்கு எடுத்தது. இவற்றைக் கோத்த நூல் மட்டும் நாங்கள் எழுதியது. ஏழு மணிகள், அதில் ஒன்றுதான் எங்களுடையது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. இன்றைய இணையச் சேவைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கட்டப்படுகின்றன. உணவு கொண்டுவரும் செயலியானாலும் ரயில் டிக்கெட் எடுக்கும் தளமானாலும், உள்ளே வரைபடம் ஒருவருடையது, பணம் செலுத்தும் வாசல் இன்னொருவருடையது.

தவறு வேறு இடத்தில் நடந்தது. வாடிக்கையாளர்களுக்கான ஒப்பந்தம் தயாரித்தபோது, போட்டி நிறுவனம் ஒன்றின் தாளைப் பார்த்து, "எங்கள் சேவை 99.9 விழுக்காடு நேரம் இயங்கும், எந்தக் கேள்விக்கும் மூன்று வினாடிக்குள் பதில் வரும்" என்று எழுதினேன். எங்களோடு வேலை பார்த்த பெண் ஒருவர், கோவில்பட்டிப் பக்கம் பொறியியல் படித்துவிட்டு வந்தவர், அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு தாளில் கணக்கு போட்டுக் கொண்டுவந்தார்.

அவர் போட்ட கணக்கு இது. எங்கள் நிரலும் வாடகை சர்வரும் குறுஞ்செய்தி நிறுவனமும் ஆளுக்கு 99.9. கப்பல் அட்டவணையும் ஆவண நிலையும் 99.5. லாரி ஜி.பி.எஸ்.ஸும் குளிர்மானியும் 99. ஏழில் எது நின்றாலும் எங்கள் திரை முழுப் பதிலைத் தராது. அப்படியானால் ஏழையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். பெருக்கினால் வருவது 96.7. கேட்கும்போது 99.9-க்கும் 96.7-க்கும் பெரிய தூரம் இருப்பதாகத் தோன்றாது. மணியாக மாற்றினால் புரியும். முப்பது நாள் மாதத்தில் 99.9 என்றால் 43 நிமிடம் நிற்கலாம். 96.7 என்றால் ஏறக்குறைய இருபத்துமூன்றரை மணி நேரம் நிற்கும். மாதத்தில் ஒரு முழு நாள்.

"சார், ஒவ்வொருத்தரும் சொன்னதைக் காப்பாத்தினாலே நம்ம சொன்னதைக் காப்பாத்த முடியாது" என்றார் அவர்.

எனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தது. "யாரும் இப்படிப் பெருக்கிப் பார்க்க மாட்டாங்கம்மா, எல்லாரும் 99.9-தான் எழுதுறாங்க, நாம 96 எழுதினா ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று சொல்லித் தாளை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். அறியாமல் செய்திருந்தால் இதை ஒரு தொழில்நுட்பப் பாடமாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். அறிந்து செய்தேன்.

அண்ணாச்சிக்கு நட்டம் வந்த அந்த இரவு நடந்தது இதுதான். அண்ணாச்சியின் ரீஃபர் பெட்டி மறுநாள் காலை துறைமுகத்துக்குள் போக வேண்டும். இங்கிருந்து பெரும்பாலான பெட்டிகள் ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். ஃபீடர் தவறினால் கொழும்பில் காத்திருக்கும் தாய்க்கப்பலும் தவறும். அதனால் வாசல் அடைக்கும் நேரம், இங்கே எல்லாரும் கட்-ஆஃப் என்று சொல்வது, ஏற்றுமதியாளருக்கு உயிர்நாடி. அன்றிரவு ஃபீடர் முன்கூட்டியே வருவதாக அட்டவணை மாறி, கட்-ஆஃப் நான்கு மணி நேரம் முன்னால் வந்தது. அட்டவணைச் சேவை அதைச் சரியாகவே சொன்னது. எங்கள் சர்வருக்கும் அது வந்து சேர்ந்தது. அண்ணாச்சியின் கைப்பேசிக்கு மட்டும் இரண்டு மணி ஐம்பது நிமிடம் கழித்துத்தான் போனது.

ஜி.பி.எஸ். சேவை அந்த நேரத்தில் நிற்கவில்லை. நின்றிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். அது மெதுவாக ஓடியது. ஒரு வினாடியில் வர வேண்டிய பதில் இருபத்தைந்து வினாடியில் வந்தது. வெளிச் சேவைகளை நாங்கள் வரிசையாக, ஒருவர் முடித்தபின் அடுத்தவர் என்று கேட்கும்படி எழுதியிருந்தோம். ஒருவருக்காக மற்ற வேலைகளெல்லாம் காத்திருந்தன. போதாததற்கு மறுமுயற்சி. பதில் வரவில்லையென்றால் மூன்று முறை கேள் என்று கீழடுக்கில் எழுதியிருந்தேன். மேலடுக்கிலும் மூன்று முறை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மூன்றும் மூன்றும் பெருகி, ஒரு கேள்வி ஒன்பது கேள்வியானது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த சேவையை நாங்களே ஒன்பது மடங்கு தட்டினோம். அந்த நெரிசலுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கான வேலைகளில் ஒன்றாக, அந்தக் கட்-ஆஃப் செய்தி கிடந்தது. லாரி எங்கே நிற்கிறது என்ற விவரத்துக்கும் அந்தச் செய்திக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒரே வரிசையில் நிற்க வைத்தது நான்.

பெட்டி வாசலுக்குப் போனபோது வாசல் அடைத்தாயிற்று. இறால் கெடவில்லை, மின்சாரம் கொடுத்து வைத்தால் கெடாது. ஆனால் வங்கிக் கடன் உறுதிக் கடிதத்தில், எல்.சி. என்கிறார்களே, அதில் எழுதியிருந்த கடைசிக் கப்பலேற்றத் தேதி தாண்டிவிட்டது. வெளிநாட்டில் வாங்குபவர் அதையே பிடித்துக்கொண்டு விலையைக் குறைத்தார். மின்சாரச் செலவு, தாமதக் கட்டணம், குறைந்த விலை எல்லாம் சேர்ந்துதான் அந்த ஆறு லட்சம்.

ஜி.பி.எஸ். நிறுவனத்தோடு எங்களுக்கிருந்த ஒப்பந்தத்தைப் பிறகு எடுத்துப் படித்தேன். 99 விழுக்காடு இயங்கும் என்று இருந்தது. எவ்வளவு வேகத்தில் என்று ஒரு சொல் இல்லை. இருபத்தைந்து வினாடி கழித்துப் பதில் சொன்னாலும் அது இயங்கிய கணக்குதான். அவர்கள் தங்கள் வாக்கைக் காப்பாற்றியிருந்தார்கள். என் ஒப்பந்தத்தில் மூன்று வினாடி என்று எழுதியிருந்தது. அவர்களிடம் வாங்காத ஒன்றை நான் விற்றிருந்தேன்.

இந்தக் கணக்கெல்லாம் புதிதல்ல என்பது அதற்குப் பிறகு படிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. ஒரு சேவையை இன்னொன்றோடு கோத்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கினால் அதன் தரத்தை எப்படிக் கணிப்பது என்று 2000-களின் தொடக்கத்திலேயே யோசித்திருக்கிறார்கள். ஜோர்ஜ் கார்டோசோ, அமித் சேத் முதலியோர் 2004-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கான விதிகள் தெளிவாக இருக்கின்றன. சேவைகளை அடுத்தடுத்துக் கேட்டால் நேரங்களைக் கூட்ட வேண்டும். ஒரே சமயத்தில் கேட்டால் எது கடைசியாக வருகிறதோ அதுதான் மொத்த நேரம். நம்பகத்தை இரண்டிலும் பெருக்க வேண்டும். பள்ளிக் கணக்குதான். ஏழில் நான்கு சேவைகளை நாங்கள் ஒரே சமயத்தில் கேட்டிருக்கலாம். ஒருவர் பதில் இன்னொருவருக்குத் தேவையே இல்லை.

நேரக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. அதில்தான் பலரும் விழுகிறார்கள். சராசரியை நம்புவது. எங்கள் திரையின் சராசரி நேரம் எப்போதும் இரண்டு வினாடிக்குள்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சேவையும் நூறில் ஒரு முறை மட்டும் இழுக்கும் என்று வையுங்கள். ஏழு சேவை சேர்ந்தால், நூறு பார்வையில் ஏறக்குறைய ஏழு பார்வை இழுக்கும். ஒரு கிளியரிங் ஏஜென்ட் காலையில் பதினைந்து பெட்டிகளைப் பார்ப்பார். பதினைந்தில் ஒன்றாவது இழுப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 65. அதாவது மூன்று நாளில் இரண்டு நாள் அவர் எங்கள் திரை முன் காத்திருந்திருக்கிறார். நான் சராசரியைக் காட்டி, "எல்லாம் நல்லா ஓடுதே" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் எழுதிய கட்டுரையில் இதே கணக்கை நூறு சர்வர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் நூறில் ஒரு முறை ஒரு வினாடிக்கு மேல் எடுத்தால், நூறையும் கேட்கும் ஒரு வேலை 63 விழுக்காடு வாய்ப்பில் ஒரு வினாடியைத் தாண்டும். எங்கள் ஊர் மாடி அறைக்கும் அவர்களுடைய பெரிய கூடங்களுக்கும் ஒரே வாய்ப்பாடு.

காசோலையோடு திரும்பி வந்த அன்று நேரே வீட்டுக்குப் போனேன். அப்பா ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் வ.உ.சி. கதையைத் தொடங்கினார். இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த கதைதான். அவர் சொன்ன இடத்திலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

1906 அக்டோபரில் வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானபோது அதற்குச் சொந்தக் கப்பல் கிடையாது. முதலீடு பத்து லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று திட்டம் இருந்தது. கப்பலை ஷா லைன் என்ற நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகளும் சரக்கும் போகத் தொடங்கின. போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து நெருக்கடி வந்ததும் ஷா லைன் வாடகையை முறித்துக்கொண்டது. பயணச்சீட்டு விற்றவர் வ.உ.சி. கப்பல் இன்னொருவருடையது. அவர் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டத்தைத் தொடர்ந்தார். பிறகு கப்பலோடுதான் திரும்புவேன் என்று சொல்லி நிதி திரட்டப் போனார். 'காலியா'வும் 'லாவோ'வும் அப்படி வந்த கப்பல்கள்தான்.

"கப்பல் போகலைன்னதும் அந்த மனுசன் பயணிகள்கிட்ட, ஷா லைன்காரன்கிட்டப் போய்க் கேளுன்னு சொன்னாரா?" என்று அப்பா கேட்டார்.

அண்ணாச்சி கேட்டதும் இதுதான். ஒரே நாளில் இரண்டாவது முறை.

எனக்கு அந்தக் கதையிலிருந்து முதலில் தோன்றியது, எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்துவிட வேண்டும் என்பது. இரண்டு வாரம் அப்படியே திட்டம் போட்டேன். நாங்களே லாரிகளில் கருவி பொருத்துவது, நாங்களே கப்பல் நேரங்களைச் சேகரிப்பது. நான்கு பேரால் ஆகாது. சொந்தக் கப்பல் வாங்கியதும் சுதேசிச் சங்கத்தைக் காப்பாற்றவில்லை. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. எதைச் சொந்தமாக வைத்துக்கொள்வது, எதை வாடகைக்கு எடுப்பது, வாடகைக்கு எடுத்ததைப் பற்றி என்ன வாக்குக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கான பதில் எனக்குத் திரேஸ்புரத்தில் கிடைத்தது. அங்கே சங்கு குளித்த ஒரு பெரியவரை அப்பாவுக்குப் பழக்கம். முத்துக்குளிப்பு இங்கே அரசு நடத்திக் கடைசியாக நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு சங்குதான். காற்றுக்குழாய் வருவதற்கு முன்னால் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு ஏழு எட்டுப் பாகம் இறங்குவார்கள். மூச்சு தாங்கும் வரைதான் கணக்கு. கீழே போனவர் கயிற்றை அசைத்ததும் தோணியிலிருப்பவர் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிறு பிடிக்கும் ஆள் மச்சானாக, அதாவது பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருப்பான் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. அதைப் பெரியவரிடம் கேட்டேன். "பின்ன? கயிறு நழுவுனா தாலி அறுறது அவன் தங்கச்சிக்குல்லா" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 600 ரூபாய்தான் மனதில் ஓடியது. உலகம் முழுக்கப் பல மேகக் கணிமைச் சேவை ஒப்பந்தங்களில் இருப்பது இதே மாதிரிக் கழிவுதான். மாதக் கட்டணத்தில் பத்து விழுக்காடு, இன்னும் மோசமானால் அதைவிட அதிகம். வாடிக்கையாளருக்கு என்ன நட்டம் என்பதற்கும் அந்தத் தொகைக்கும் உறவே இல்லை. கயிறு நழுவினால் எனக்கு 600, அவருக்கு ஆறு லட்சம். அப்படிப்பட்ட ஆள் பிடிக்கும் கயிற்றை நம்பி எவரும் கடலில் இறங்க மாட்டார்கள். நான் கொடுத்தது உறுதிமொழி என்ற பெயரில் ஒரு சிறு தள்ளுபடி.

அந்த ஏப்ரலில் ஊரடங்குக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம். நிரலில் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் மொத்தம் மூன்று வினாடி என்று கெடு வைத்து, மீதி எவ்வளவு என்பதை அடுத்த அடுக்குக்குக் கூடவே சொல்லி அனுப்பினோம். கெடு தீர்ந்ததும் காத்திருக்காமல் கையிலிருக்கும் பதிலோடு திரும்பி வர வேண்டும். மறுமுயற்சி ஒரே அடுக்கில், ஒரே ஒரு முறை. ஒரு சேவை தொடர்ந்து இழுத்தால், வீட்டு மின்பலகையில் எம்.சி.பி. விழுவதுபோல அந்த இணைப்பைச் சற்று நேரம் அறுத்துவிடுவது. லாரியின் இடம் தெரியவில்லையென்றால் திரை முழுக்கச் சுழன்றுகொண்டிருக்காமல், "கடைசியாகத் தெரிந்தது: 10.40" என்று பழைய விவரத்தை நேரத்தோடு காட்டுவது. கட்-ஆஃப் செய்திக்குத் தனி வரிசை.

கட்-ஆஃப் செய்திக்கு மட்டும் இரண்டு வழி வைத்தோம். இரண்டு குறுஞ்செய்தி நிறுவனங்கள், ஒன்று தவறினால் மற்றொன்று. அதற்கும் மேலாக, துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ஒரு டாலி கிளார்க்கை இரவு வேலைக்கு அமர்த்தினோம். செய்தி போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வராவிட்டால் அவர் ஏற்றுமதியாளரைத் தொலைபேசியில் எழுப்புவார். மணியைக் கோத்தபோது பெருக்கல் நம்மை இறக்கியது. மாற்று வழி வைக்கும்போது அதே பெருக்கல் நம்மை ஏற்றும். நூறில் ஒன்று தவறும் வழிகள் இரண்டிருந்தால், இரண்டும் ஒன்றாகத் தவறுவது பத்தாயிரத்தில் ஒன்று. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதினேன். முதலில் ஏழு வரி. ஒவ்வொரு வரியிலும் எது, யாருடையது, அவர்கள் எங்களுக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், கடந்த மூன்று மாதத்தில் நாங்கள் அளந்தது என்ன. அதன் கீழே நாங்கள் தரும் வாக்கு. முழுத் திரைக்கு 96 விழுக்காடு. நூறு பார்வையில் 95 மூன்று வினாடிக்குள். கட்-ஆஃப் மாற்றம் எங்களுக்கு வந்து பத்து நிமிடத்துக்குள் உங்களுக்கு வரும், 99.5 விழுக்காடு, அதில் ஒருமுறை தவறினாலும் அந்த ஆண்டுக் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும். 72,000 ரூபாய். ஒரே இரவில் பத்து வாடிக்கையாளருக்குத் தவறினால் எங்கள் அலுவலகமே ஆட்டம் காணும் தொகை அது. வேண்டுமென்றே அப்படி வைத்தேன்.

நாற்பது வாடிக்கையாளரில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். அண்ணாச்சி போகவில்லை. தாளை இரண்டு முறை படித்தார். "இதை முதல்லயே எழுதியிருந்தா நான் அன்னிக்கு ராத்திரி ஒரு பையனை வாசல்ல நிறுத்தியிருப்பேன்" என்றார். நான் மறைத்த எண் அவரிடமிருந்து எதைப் பறித்தது என்பது அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. 96 என்று தெரிந்திருந்தால் மீதி நான்கை அவரே பார்த்துக்கொண்டிருப்பார்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அதை இந்த மாவட்டத்தில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. எங்கள் சர்வர் மும்பையில் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இங்கே மின்சாரம் போனது, கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முதல் நிறுவனத்தின் குறுஞ்செய்தியும் போகவில்லை, இரண்டாவதன் செய்தியும் போகவில்லை. இரவு வேலை பார்த்த பெரியவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பெட்டிகளையும் பாயையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்த மனிதரிடம் நான் எந்த வாக்கை எதிர்பார்ப்பது?

பத்தாயிரத்தில் ஒன்று என்று நான் போட்டது, இரண்டு வழியும் தனித்தனிக் காரணத்தால் தவறும் என்ற நினைப்பில் போட்ட கணக்கு. ஒரே வெள்ளம் இரண்டையும் எடுத்துக்கொண்டால் பெருக்கலுக்கு இடமே இல்லை. பிறகு துருவியதில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த இரண்டு குறுஞ்செய்தி நிறுவனங்களும் இந்த மாவட்டத்துக்குள் செய்தியைக் கொண்டுவர ஒரே தொலைபேசி நிறுவனத்தின் பாதையைத்தான் பயன்படுத்தின. வெள்ளம் இல்லாத நாளிலும் அது இரண்டு வழி அல்ல, ஒன்றுதான். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில் சில மணி நேரம் முடங்கியபோது, சேவைகள் நலமா என்று காட்டும் அவர்களுடைய பலகையே எஸ்3-ஐ நம்பியிருந்ததால் அதை மாற்ற முடியாமல் போனது. அதைப் படித்திருந்தும் என் இரண்டு வழிகள் எங்கே சந்திக்கின்றன என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இயற்கைப் பேரிடர் விலக்கு ஒப்பந்தத்தில் இருந்தது. யாரும் பணம் கேட்கவும் இல்லை. கப்பலும் லாரியும் அவரவர் கவலைக்குப் பின்னால் போய்விட்ட வாரம் அது. நான்கு நாள் கழித்து அண்ணாச்சியின் அழைப்பு வந்தது. தொழிற்சாலை ஜெனரேட்டரில் ஓடுவதாகச் சொன்னார். "உங்க திரையைத் திறந்தா ஒவ்வொரு பெட்டிக்கும் 'கடைசியாகத் தெரிந்தது ஞாயிறு இரவு 11.20'ன்னு நிக்குது தம்பி. அதை வச்சுத்தான் எந்தப் பெட்டியை முதல்ல போய்ப் பாக்கணும்னு ஆள் அனுப்பினேன்" என்றார்.

அந்தத் தாளில் இப்போது ஒவ்வொரு வரிக்கும் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: அது எதன் மேல் நிற்கிறது என்று. எந்த மின்தடம், எந்தக் கோபுரம், எந்த நிறுவனத்தின் கம்பி, எந்தச் சாலை. நிரப்புவது கடினமான வேலை. பல நிறுவனங்கள் கேட்டால் சொல்வதில்லை. சொல்லாதவர்களின் கட்டத்தில் "சொல்லவில்லை" என்று எழுதுகிறோம். இரண்டாவது குறுஞ்செய்தி வழியை வேறு தொலைபேசி நிறுவனத்துக்கு மாற்றியாயிற்று. முதலில் அந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டிய பெண்தான் இன்று எங்கள் தொழில்நுட்பப் பொறுப்பாளர். திங்கள்தோறும் ஏழு எண்களையும் அவர் புதிதாக அளந்து எழுதுகிறார். இழுப்பறையிலிருந்து எடுத்த பழைய தாள் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வைத்தது நான்.

போன மாதம் புதிதாக ஒரு ஏற்றுமதியாளர் வந்தார். கல் உப்பு அனுப்புபவர். "மத்தவங்க 99.9 சொல்றாங்களே, நீங்க என்ன 96-னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். நான் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

"இது 'சொல்லவில்லை'ன்னு இருக்கே. இதை எப்ப கேட்டுச் சொல்லுவீங்க?"